செனட்டர் தூக்க மறுத்த தக்காளி வாளி

எங்கள் வாசிப்பு வட்டத்தில் மாதம் ஒருமுறை ஒரு செய்தியை எடுத்து வைத்துப் பேசுவோம். கடைசியாக எடுத்தது, 2025 பிப்ரவரி 5 அன்று அமிர்தசரசில் வந்து இறங்கிய அமெரிக்க ராணுவ விமானம். உள்ளே 104 இந்தியர்கள். கையில் விலங்கு, காலில் சங்கிலி. படத்தைப் பார்த்ததும் முதலில் வாயைத் திறந்தது பொறியியல் இரண்டாமாண்டு படிக்கும் ஒரு தம்பி.

"திருட்டுத்தனமா போனா வெலங்கு போடத்தான் செய்வான் அக்கா. இங்க மட்டும் என்ன, வடக்கன் வந்து நம்ம வேலைய எல்லாம் புடிச்சுக்கிறான். அவனையும் இப்படித்தான் ஏத்தி அனுப்பணும்."

பாதிப் பேர் சிரித்தார்கள். சிலர் தலையாட்டினார்கள். அந்தத் தம்பி கெட்டவன் இல்லை. அவன் சேரியில் கல்லூரி வாசலை மிதித்த மூன்றாவது ஆள் அவன். அவன் அம்மா கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறார். அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அரைகுறையாக ஏதோ சொல்லி வைத்தேன். சமூகவியல் படித்தவர்களுக்கு இருக்கும் வியாதி இது: கேள்வி ஒன்றாக இருக்கும், பதில் நாற்பது நிமிடம் ஓடும், கடைசியில் ஒன்றும் நிற்காது. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன் தம்பி. உன் கேள்விக்குப் பதில் அமிர்தசரசில் இல்லை, அலபாமாவில் இருக்கிறது. ஒரு மாநில செனட்டரிடம் இருக்கிறது.

அவர் பெயர் ஸ்காட் பீசன். பர்மிங்ஹாம் நகருக்குப் பக்கத்தில் உள்ள கார்டன்டேல் ஊர்க்காரர், குடியரசுக் கட்சி. பர்மிங்ஹாம் என்றதும் 1963இல் போராடிய சிறுவர் சிறுமியர் மீது போலீஸ் ஏவிய நாய்களும் தண்ணீர்ப் பீரங்கியும் நினைவுக்கு வரும். அதே ஊர்ப்பக்கம்தான். அந்த மாநிலத்தில் நூற்றுக்கு இருபத்தாறு பேர் கறுப்பின மக்கள். மெக்சிகோ, குவாத்தமாலா போன்ற நாடுகளின் வேர் உள்ள லத்தீன் மக்கள், 2010 கணக்கெடுப்புப்படி நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. அவர்களிலும் ஆவணம் இல்லாதவர்கள் ஒரு பகுதிதான். அந்தச் சின்னக் கூட்டத்தைக் காட்டித்தான் மாநிலமே பறிபோகிறது என்றார்கள்.

2011 ஜூன் 9 அன்று ஆளுநர் ராபர்ட் பென்ட்லி கையெழுத்திட்ட எச்.பி. 56 சட்டம், அமெரிக்க மாநிலங்கள் கொண்டுவந்த குடியேற்றச் சட்டங்களிலேயே மிகக் கொடியது என்று பெயர் வாங்கியது. கீழவையில் அதைக் கொண்டுவந்தவர் மிக்கி ஹேமன். செனட்டில் தூக்கிச் சுமந்தவர் பீசன். முந்தின வருடம் அரிசோனாவில் வந்த சட்டத்தை எழுத உதவிய கிரிஸ் கோபாக் என்ற வழக்கறிஞர்தான் இதற்கும் எழுத்துதவி. நோக்கத்தை அவர்கள் ஒளிக்கவே இல்லை. ஆவணம் இல்லாதவரின் வாழ்க்கையில் ஒரு மூலையையும் விட்டுவைக்காமல் தாக்க வேண்டும், அவரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிப்போக வேண்டும் என்று ஹேமன் அவையிலேயே சொன்னார்.

எப்படித் தாக்குவது? சாலையில் நிறுத்துகிற போலீஸ்காரருக்குச் சந்தேகம் வந்தால் காகிதம் கேட்கலாம். வீடு வாடகைக்கு விட்டால் குற்றம். வண்டியில் ஏற்றிப் போனால் குற்றம். வேலை தேடினால் குற்றம். இதெல்லாம் நாம் கேள்விப்பட்ட மாதிரிதான் இருக்கிறது என்பீர்கள். எனக்குத் தூக்கம் கெட்டது 27ஆம் பிரிவைப் படித்தபோது. ஆவணமற்றவர் என்று தெரிந்து அவரோடு போட்ட எந்த ஒப்பந்தத்தையும் மாநில நீதிமன்றம் அமல்படுத்தக் கூடாது என்கிறது அது. விதிவிலக்கு உண்டு: ஒரு ராத்திரி தங்கும் இடம், அவர் சாப்பிடும் உணவு, மருத்துவம், சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகும் பயணச்சீட்டு.

திரும்பப் படியுங்கள். சாப்பிடலாம், ஒரு ராத்திரி படுக்கலாம், போய்விடலாம். ஆனால் மூன்று மாதம் கூரை வேய்ந்ததற்குக் கூலி தராமல் மேஸ்திரி ஏமாற்றினால், மாநில நீதிமன்றப் படியில் உன் ஒப்பந்தம் வெறும் காகிதம். கூலிச் சட்டம் என்று மத்திய அரசின் சட்டம் தனியாக இருக்கத்தான் செய்தது. ஆனால் காகிதம் இல்லாதவன் எந்தக் கோர்ட்டுக்குத் தைரியமாகப் போவான்? வந்தேறியை விரட்டும் சட்டம் என்று வெளியே பெயர். உள்ளே இருப்பது கூலியைத் திருடுகிறவனுக்குப் பாதுகாப்பு.

சட்டம் செப்டம்பர் கடைசியில் நடைமுறைக்கு வந்தது. பிளவுன்ட் கவுண்டியில் ஆல்குட் என்று ஒரு சிற்றூர். அங்கே குடிநீர் அலுவலகத்தில் ஒரு அறிவிப்பை ஒட்டினார்கள்: அலபாமா ஓட்டுநர் உரிமமோ படம் போட்ட அடையாள அட்டையோ கொடுக்காதவர்கள் தண்ணீர் இணைப்பை இழக்க நேரிடலாம் என்று. தண்ணீர், தோழர்களே. 1927இல் மகாடில் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்ததற்கு அடி வாங்கிய மக்களின் பேரப்பிள்ளைகள் நாம். தண்ணீரை மறிப்பதன் அர்த்தத்தை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஒரு பிரிவு. புதிதாகச் சேரும் குழந்தையின், பெற்றோரின் குடியேற்ற நிலையைப் பள்ளி கேட்டுப் பதிய வேண்டும். ஆவணம் இல்லாத குழந்தைக்கும் பள்ளிக் கல்வியை மறுக்கக் கூடாது என்று 1982இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதனால் இவர்கள் மறுக்கவில்லை, "கேட்க மட்டும்" செய்தார்கள். கேட்பது எப்படி வேலை செய்யும் என்று சாதிச் சான்றிதழுக்காகத் தலைமையாசிரியர் அறை வாசலில் நின்ற எவருக்கும் தெரியும். முதல் சில நாட்களிலேயே ஏறக்குறைய இரண்டாயிரம் லத்தீன் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. அவர்களில் பலர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்டோபர் நடுவில் அந்தப் பிரிவுக்குத் தடை போட்டது. இரண்டு வாரம்தான் அது உயிரோடு இருந்தது. ஆனால் பயம் தடையுத்தரவைப் படித்துவிட்டுத் திரும்பிப் போவதில்லையே. அடுத்த வசந்தத்தில் மத்திய நீதித்துறை அனுப்பிய கடிதம், அந்தக் கல்வியாண்டு தொடங்கியதிலிருந்து பிப்ரவரிக்குள் நூற்றுக்குப் பதின்மூன்றுக்கு மேற்பட்ட லத்தீன் மாணவர்கள் பள்ளியை விட்டு விலகியதாகச் சொன்னது.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அங்கே ஏழைகள் பலர் நகரும் வீடுகளில், அதாவது இழுத்துச் செல்லக்கூடிய தகர வீடுகளில், வாழ்கிறார்கள். அதற்கு வருடா வருடம் கட்டணம் கட்டி ஒரு வில்லை வாங்கி ஒட்ட வேண்டும். புதுச் சட்டப்படி ஆவணமற்றவர் அரசு அலுவலகத்தோடு அந்தக் கொடுக்கல் வாங்கலை வைத்துக்கொள்ளவே கூடாது. வில்லை இல்லாமல் அந்த வீட்டை வைத்திருந்தால் குற்றம். வீட்டை இழுத்துக்கொண்டு வேறு மாநிலம் போகலாம் என்றால் அதற்கும் அனுமதி வேண்டும், அதையும் தர மாட்டார்கள். இருந்தாலும் குற்றம், போனாலும் குற்றம். 2011 டிசம்பரில் இதற்குத் தடை போட்ட மத்திய மாவட்ட நீதிபதி, சட்டமன்ற விவாதத்தில் "லத்தீன்காரர்" என்ற சொல்லையும் "சட்டவிரோதக் குடியேறி" என்ற சொல்லையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் புழங்கியிருக்கிறார்கள் என்று எழுதினார். நீதிபதியின் பெயர் மைரன் தாம்ப்சன். கறுப்பினத்தவர். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

இடையில் ஒரு கூத்து. நவம்பரில் டஸ்கலூசா பக்கம் போலீஸ் ஒரு காரை நிறுத்தியது. ஓட்டியவரிடம் உரிய காகிதம் இல்லை, உள்ளே தூக்கிப் போட்டார்கள். பார்த்தால் மெர்சிடிஸ் நிறுவனத்தின் ஜெர்மானிய அதிகாரி. கோடி கோடியாகச் சலுகை கொடுத்து அந்தத் தொழிற்சாலையைக் கெஞ்சிக் கூட்டி வந்ததே அலபாமாதான். மாநிலமே கைகளைப் பிசைந்தது. தக்காளி பறிக்கிறவரைப் பிடித்தபோது சட்டம் தன் கடமையைச் செய்தது, காரைத் தயாரிக்கிறவரைப் பிடித்தபோது மட்டும் சட்டத்தில் ஏதோ கோளாறு என்று பலருக்குத் தோன்றிவிட்டது.

இப்போது தக்காளிக்கு வருகிறேன். சாண்ட்லர் மலை என்று அங்கே ஒரு இடம், தக்காளி விளையும் பூமி. சட்டம் வந்ததும் பறிக்கும் தொழிலாளர்கள் குடும்பத்தோடு ஓடிவிட்டார்கள். பழம் கொடியிலேயே அழுகிக்கொண்டிருந்தது. அக்டோபர் தொடக்கத்தில் பீசன் விவசாயிகளைச் சந்திக்கப் போனார். அந்த விவசாயிகள் நம் ஆட்கள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்கார நிலச் சொந்தக்காரர்கள், மலிவான கூலியில் லாபம் பார்த்தவர்கள். அதில் வயதான ஒரு விவசாயி செனட்டர் முன்னால் ஒரு வாளியை நீட்டினார். நீங்களே ஒரு வாளி பறித்துக் காட்டுங்கள் என்றார். பீசன் மறுத்துவிட்டு, என்ன செய்யலாம் என்று பார்க்கிறேன் என்றார். கிழவர் வாளியைத் தரையில் எறிந்தார்.

ஒரு பழம்கூடப் பறிக்காத அந்தக் கைதான் "உள்ளூர் மக்களுக்கு வேலை வாங்கித் தரும் சட்டம்" என்று ஊர் ஊராகப் பேசியது. வேலையை யாருக்குக் கொடுக்கப் போனார்கள் தெரியுமா? வயலில் ஆள் இல்லை என்றதும் மாநில வேளாண் ஆணையர் ஒரு யோசனை சொன்னார்: சிறைக் கைதிகளை அனுப்பலாம். கறுப்பினக் கைதிகளை நிலக்கரிச் சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் வாடகைக்கு விட்டுக் காசு பார்த்த மாநிலம் அது. அந்த வாடகை முறையை அமெரிக்காவிலேயே கடைசியாக, 1928இல்தான், அலபாமா கைவிட்டது. வந்தேறி போனால் உள்ளூர் ஏழைக்கு நல்ல கூலி வரும் என்றுதானே கணக்கு? வந்தேறி போனதும் அவர்கள் கண் போன இடம் சிறைக்கூடம்.

தம்பி, இனிமேல்தான் உனக்கான இடம் வருகிறது.

எச்.பி. 56 கையெழுத்தான அதே ஜூன் மாதம், மாண்ட்கோமெரி நீதிமன்றத்தில் வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. சூதாட்ட விடுதிகளுக்கு ஆதரவாக ஓட்டுப்போட எம்.எல்.ஏ.க்களுக்கு லஞ்சம் என்ற வழக்கு. அதில் பீசன் அரசுத் தரப்புச் சாட்சி. எஃப்.பி.ஐ.க்காக உடம்பில் ஒலிப்பதிவுக் கருவியை மாட்டிக்கொண்டு ரகசியமாகப் பேச்சுகளைப் பதிவு செய்து கொடுத்தவர். அந்தப் பதிவுகளில் மற்றவர் பேச்சு மட்டுமா இருக்கும்? தன் சட்டைக்குள் தானே மாட்டிய கருவியில் தன் குரலே சிக்கியது.

கிரீன் கவுண்டி என்பது நூற்றுக்கு எண்பது பேர் கறுப்பினத்தவர் வாழும் மாவட்டம். அங்குள்ள சூதாட்ட விடுதிக்கு வருகிற மக்களைப் பற்றிச் சகாக்களோடு பேச்சு வருகிறது. ஒருவர் அவர்களை "உங்க செவ்விந்தியர்கள்" என்று கிண்டலாகச் சொல்ல, பீசன் திருத்துகிறார்: செவ்விந்தியர் இல்லை, "அபாரிஜின்கள்". ஆஸ்திரேலியப் பழங்குடிகளைக் குறிக்கும் அந்தச் சொல்லைக் காட்டுவாசி என்ற பொருளில் எறிகிறார். நம் ஊரில் தெருவைச் சொல்லி, தொழிலைச் சொல்லிக் கூப்பிடுவார்களே, அந்தத் தொனி.

அதைவிடப் பெரியது அடுத்தது. சூதாட்டம் பற்றிய கேள்வி நவம்பர் தேர்தலோடு மக்கள் வாக்கெடுப்புக்குப் போனால், கறுப்பினத்தவர் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி வாக்குச்சாவடிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள், அது நமக்கு நல்லதில்லை என்று அந்தக் கூட்டாளிகள் பேசிக்கொள்கிறார்கள். 2011 அக்டோபரில் நீதிபதி தாம்ப்சன், ஆமாம் அதே தாம்ப்சன், எழுதிய உத்தரவில் பீசனின் சாட்சியம் நம்பத்தக்கதல்ல என்றார். லஞ்சத்தை ஒழிப்பதல்ல இவர்கள் நோக்கம், கறுப்பின மக்களின் வாக்குப்பதிவைக் குறைத்துக் கட்சிக்கு லாபம் தேடுவதுதான் என்றும், ஆழமான இனவெறுப்பு வெளிப்பட்டிருக்கிறது என்றும் பதிவு செய்தார். அதற்கு முன்பே பீசன் மன்னிப்புக் கேட்டிருந்தார். நவம்பரில் சொந்தக் கட்சியே அவரைச் செனட்டின் விதிக்குழுத் தலைவர் பதவியிலிருந்து இறக்கியது. கேவலமான பேச்சு வெளியே வந்ததால் இறக்கினார்கள். சட்டம் அப்படியே இருந்தது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் கல்மன் என்ற ஊரில் கட்சிக்காரர்கள் கூட்டத்தில் பீசன் குடியேற்றம் பற்றிப் பேசினார். துப்பாக்கியில் உள்ள குண்டு தீரும்வரை சுட்டுத் தீர்ப்பது போன்ற ஒரு உவமையைச் சொல்லிவிட்டு, பிறகு அது வெறும் உவமைதான் என்றார். அந்த உவமையைத்தான் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். அதே பேச்சில் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு முக்கியம்: வந்தேறிகளின் பிள்ளைகள் வளர்ந்து ஓட்டுரிமை பெற்றால் எதிர்க்கட்சிக்குத்தான் போடுவார்கள் என்றார். கறுப்பினத்தவர் பஸ் ஏறி ஓட்டுப்போட வந்தால் ஆபத்து. லத்தீன் பிள்ளை வளர்ந்து ஓட்டுப்போட்டாலும் ஆபத்து. மேடையில் முன்னவருக்கு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி, பின்னவரை அடிக்கக் கம்பெடுக்கிறார். மூடிய அறையில் இரண்டு பேரும் அவருக்கு ஒரே ஆள்தான்.

இதை அலபாமாவின் கறுப்பின இயக்கங்கள் புரிந்துகொண்டன. எளிதாகப் புரிந்துவிடவில்லை. கோழி வெட்டும் ஆலையிலும் கட்டட வேலையிலும் கூலிப் போட்டி உண்மையாகவே இருந்தது, மனத்தாங்கலும் இருந்தது. இருந்தும் 2012 மார்ச்சில் செல்மாவிலிருந்து மாண்ட்கோமெரிக்கு 1965 நடைப்பயணத்தை நினைவுகூர்ந்து நடந்தபோது, வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தையும் எச்.பி. 56ஐயும் சேர்த்தே எதிர்த்தார்கள். லத்தீன் குடும்பங்களும் கூடவே நடந்தன. 2013 அக்டோபரில் அரசு சமரசத்துக்கு வந்தது. ஒப்பந்தப் பிரிவு, பள்ளிப் பிரிவு உட்படப் பெரும்பகுதி நிரந்தரமாகக் கைவிடப்பட்டது. வழக்குத் தொடுத்தவர்களின் வக்கீல் செலவுக்கு மாநிலம் 3,50,000 டாலர் கட்டியது.

"நம்ம இந்தியர்கள் அங்கே கௌரவமா இருக்காங்க, அவங்களுக்கு இது பொருந்தாது" என்று அன்றைக்கு ஒரு தங்கை சொன்னாள். அதே அலபாமாவில் மேடிசன் என்ற ஊரில், 2015 பிப்ரவரியில், பேரனைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த குஜராத்தி முதியவர் ஒருவர் மகன் வீட்டுத் தெருவில் நடந்து போனார். பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டுச் சொன்னது, ஒல்லியான ஒரு கறுப்பு ஆள் சுற்றுகிறான் என்று. போலீஸ்காரர் அவரைத் தரையில் அடித்துச் சாய்த்தார். பெரியவருக்குக் கைகால் முடங்கியது. போலீஸ்காரர் கடைசியில் விடுதலையானார். கறுப்பினத்தவரிடமிருந்து நாலடி தள்ளி நின்றால் தப்பிக்கலாம் என்று நினைக்கிற நம் நாட்டு மேல்சாதி மனசுக்கு அந்தத் தெரு ஒரு பதில் வைத்திருந்தது.

சரி, நம் ஊர். வெளிமாநிலத் தொழிலாளி இங்கே வருவதும் அமெரிக்காவுக்குள் ஆவணமில்லாமல் போவதும் ஒன்றல்ல. இங்கே அவர்கள் குடிமக்கள், எங்கும் போய் வேலை செய்ய அரசியல் சட்டமே உரிமை கொடுக்கிறது. ஆனால் தம்பியின் வாயில் இருந்த வாக்கியம் பீசனின் வாக்கியம்தான். கூலி குறைகிறதே என்றால், ஆமாம், குறைகிறது. ஒப்பந்தக்காரர் ஆள் மாற்றிக் கூலியை அமுக்குவதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஏன் அவரால் அமுக்க முடிகிறது? ஜார்க்கண்டிலிருந்து வந்தவர் எதிர்த்துப் பேச மாட்டார் என்ற தைரியம். மொழி தெரியாது, ரேஷன் கார்டு இங்கே இல்லை, ஓட்டு இங்கே இல்லை, போலீஸ் என்றாலே நடுக்கம். அவரை இன்னும் பயமுறுத்தினால் கூலி ஏறுமா, இறங்குமா? அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னது இந்த இடத்துக்குத்தான். தனக்குக் கீழே ஒரு படி இருக்கிறவரைக்கும் மேலே இருக்கிற கால் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டு வருடம் முன்பு ஒரு கட்டட வேலையிடத்தில் பதினோரு ஜார்க்கண்ட் தொழிலாளர்களுக்கு ஏழு வாரக் கூலி பாக்கி. பெரும்பாலும் ஆதிவாசிகள். ஒப்பந்தக்காரரிடம் கேட்டால், போலீஸைக் கூப்பிட்டு ஆதார் பார்க்கச் சொல்வேன் என்று மிரட்டல். அதே இடத்தில் நம் தெருப் பெண்கள் ஆறு பேர் சித்தாள் வேலை. அவர்களுக்கும் மூன்று வாரம் பாக்கி. அவர்களிடம் ஒப்பந்தக்காரர் சொன்ன காரணம்: "வடக்கனுங்களுக்குக் குடுத்ததுல கையில காசில்லம்மா." இவர்களைக் காட்டி அவர்களுக்கு மிரட்டல், அவர்களைக் காட்டி இவர்களுக்கு நாமம். பத்து நாள் இரண்டு கூட்டமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒரு அக்காதான் கடைசியில் அந்தப் பையன்களின் தகரக் கொட்டகைக்குப் போய் விரல் விட்டு நாள் கணக்கைக் கேட்டு வந்தார். பதினேழு பேரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். மூன்று முறை அலைய விட்டார்கள். நாலாவது முறை பணம் வந்தது, முழுசாக இல்லை, முக்கால்வாசி.

அந்தப் பதினோரு பேரில் ஒருவர் இன்னும் இங்கேதான் கம்பி கட்டுகிறார். தமிழ் ஓரளவு பேசுவார், "கூலி" என்ற சொல்லை மட்டும் நம்மைவிட அழுத்தமாக உச்சரிப்பார். அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு அவரை அழைத்திருக்கிறேன். அந்த அக்காவும் வருகிறார். தம்பி, நீயும் வா. அன்றைக்குச் சொன்னதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் சொல். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, அவருக்கு எங்கே எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.